வலது கையில் குடிவந்த மிருகம்

தாயைப் பறிகொடுத்த மகனும் தாயாகிப் போன பூதமும்: வீட்டு வீடியோவில் ஒரு ஜப்பானிய விஞ்ஞானப் படம்

பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு வாலிபன். இரவு நேரம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியே தூங்கிப் போகிறான். புழு போன்ற ஒரு ஜந்து அவன் அறைக்குள் ஊர்ந்து வருகிறது. அது தேடி வந்திருப்பது மனிதனின் மூளையை!

காது வழியாக நுழையப் பார்க்கிறது. இயர்போன் தடுக்கிறது. மூக்கு வழியாக முயற்சி செய்கிறது. வாலிபன் விழித்துக்கொள்கிறான். கடைசியில் அது அவனுடைய வலது கையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தவன், இயர்போன் வயரையே கயிறாக்கிக் கையை இறுகக் கட்டி விடுகிறான். ஜந்து மேலே ஏற முடியவில்லை. மூளைக்குப் போக வேண்டியது கையிலேயே தங்கி விடுகிறது.

அதற்குப் பிறகு அந்தக் கை அவன் சொன்னபடி கேட்பதில்லை. அதில் கண் முளைக்கிறது. வாய் முளைக்கிறது. புத்தகங்களைப் படித்து மனிதர்களின் மொழியைக் கற்றுக்கொண்டு, அவனோடு பேசவும் தொடங்குகிறது!

இப்படித் தொடங்குகிறது "கிசெய்ஜு" என்ற ஜப்பானியக் கதை. "ஒட்டுண்ணி மிருகம்" என்பது அந்தப் பெயரின் பொருள். ஆங்கிலத்தில் "பாரசைட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (2020-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய கொரியப் படமான "பாரசைட்" வேறு, இது வேறு. கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்.) படக்கதையாக வந்து லட்சக்கணக்கான வாசகர்களைக் கட்டிப்போட்ட இந்தக் கதை, 2014-லும் 2015-லும் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாயிற்று. பிறகு டி.வி.டி., புளூ-ரே தகடுகளாக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

பூதம் வருகிற படம் என்றால் கட்டடம் இடியும், ஜனங்கள் ஓடுவார்கள், கடைசியில் பூதம் சாகும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இந்தப் படத்தில் ஏமாந்து போவார்கள். இது ஒரு தாயையும் மகனையும் பற்றிய படம்.

படக்கதை பிறந்தது

கையில் அதிசயம் கொண்ட கதாநாயகன் தமிழ் வாசகர்களுக்குப் புதியவன் அல்ல. 1972-ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட "இரும்புக்கை மாயாவி"யைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்தவர்கள் இன்று தாத்தா ஆகியிருப்பார்கள். மாயாவிக்கு அவன் கை ஒரு ஆயுதம். அவன் இட்ட வேலையை அது செய்யும். ஜப்பானியக் கதையில் வருகிற கையோ தானே யோசிக்கும், தானே முடிவு செய்யும். தன் உயிர் தப்பினால் போதும் என்பதுதான் அதன் ஒரே கொள்கை.

இந்தக் கதையை எழுதிப் படமும் வரைந்தவர் ஹிடோஷி இவாகி. 1980-களின் கடைசியில் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்து, சில ஆண்டுகள் ஓடி முடிந்தது. "மங்கா" என்று ஜப்பானியர்கள் சொல்லும் இத்தகைய படக்கதைகளை அங்கே சிறுவர்கள் மட்டும் படிப்பதில்லை. ஆபீசுக்குப் போகிறவர்களும் ரெயிலில் நின்றுகொண்டே படிப்பார்கள். பத்திரிகையில் தொடராக வந்தது பிறகு புத்தகமாகும். "கிசெய்ஜு" 10 புத்தகங்களாக வந்தது. 1993-ல் கோடன்ஷா மங்கா பரிசும், 1996-ல் விஞ்ஞானக் கதைகளுக்கான செய்யுன் பரிசும் இதற்குக் கிடைத்தன.

கதாநாயகன் பெயர் ஷினிச்சி. கையில் குடியேறிய ஜந்துவுக்கு "மிகி" என்று பெயர். ஜப்பானிய மொழியில் மிகி என்றால் "வலது" என்று அர்த்தம். வலது கையில் இருப்பதால் அந்தப் பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியப் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் ஆங்கிலத்தில் வெளியிட்டவர்கள், தங்கள் வாசகர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று படங்களை எல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சடித்தார்கள். விளைவு? வலது கை இடது கையாகி விட்டது! "மிகி" என்ற பெயரையும் மாற்றி, "இடது" என்று பொருள்படும்படி வைக்க வேண்டியதாயிற்று.

பூட்டிக் கிடந்த உரிமை

இவ்வளவு புகழ் பெற்ற கதை படமாவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?

2005-ல் இதன் படமாக்கும் உரிமையை ஹாலிவுட்டின் நியூ லைன் சினிமா கம்பெனி வாங்கியது. ஆனால் படம் எடுக்கப்படவே இல்லை. உரிமை அமெரிக்காவில் இருந்ததால், ஜப்பானில் இருந்தவர்கள் தங்கள் ஊர்க் கதையைத் தொட முடியாமல் போயிற்று. 2013-ல் கெடு முடிந்தது. உடனே ஜப்பானியக் கம்பெனிகளிடையே போட்டி ஏற்பட்டது. ஜெயித்தது தோஹோ கம்பெனி. 1954-ல் "காட்ஸில்லா"வை உலகுக்குக் கொடுத்த அதே தோஹோதான்.

தாமதம் ஒரு விதத்தில் நல்லதாகவே முடிந்தது. இந்தக் கதையில் மனிதத் தலை பூ மலர்வது போல விரிய வேண்டும். உள்ளேயிருந்து பற்களும் கத்திகளும் வர வேண்டும். கை திடீரென்று நீளும், வளையும், கண் சிமிட்டும். தொடர் வந்துகொண்டிருந்த காலத்தில் இதையெல்லாம் ரப்பரிலும் மெழுகிலும்தான் செய்திருக்க முடியும். 2014-க்குள் கம்ப்யூட்டர் டெக்னிக் வளர்ந்து விட்டது. அதில் கைதேர்ந்த டைரக்டர் ஒருவரும் ஜப்பானில் தயாராக இருந்தார்.

தந்திரக் காட்சியில் தேர்ந்த டைரக்டர்

தகாஷி யமசாகி 1964-ல் மட்சுமோட்டோ நகரில் பிறந்தவர். சிறு வயதில் "ஸ்டார் வார்ஸ்" போன்ற அமெரிக்கப் படங்களைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். 1986-ல் ஷிரோகுமி என்ற தந்திரக் காட்சிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 2000-ல் தமது முதல் படத்தை டைரக்ட் செய்தார். தந்திரக் காட்சிகளை மற்றவர்களிடம் ஒப்படைத்து விட்டு நாற்காலியில் சாய்ந்து உட்காரும் டைரக்டர் அல்ல அவர். அந்த வேலையையும் தாமே முன்னின்று கவனிப்பவர்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் அவரைத் தெரியும், பெயர்தான் தெரியாது. டி.வி.யில் இந்தியிலும் தமிழிலும் பேசும் "டோரேமான்" பூனையை, 2014-ல் "ஸ்டாண்ட் பை மீ டோரேமான்" என்ற முழுநீளப் படமாக எடுத்த இரண்டு டைரக்டர்களில் ஒருவர் யமசாகி. அதே ஆண்டு ஆகஸ்டில் குழந்தைகளுக்குப் பூனைப் படம். நவம்பரில் பெரியவர்களுக்குத் தலை தின்னும் பூதப் படம்!

அவர் கொடி இன்னும் உயரப் பறந்தது பிற்பாடு. 2023-ல் அவர் எடுத்த "காட்ஸில்லா மைனஸ் ஒன்" படத்துக்கு, 2024 மார்ச்சில் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் கிடைத்தது. அந்தப் பரிசை ஜப்பானியப் படம் ஒன்று வாங்கியது அதுவே முதல் தடவை. 610 தந்திரக் காட்சிகளை 35 பேர் மட்டுமே சேர்ந்து செய்தார்கள் என்று கேட்டு ஹாலிவுட்டே மூக்கில் விரலை வைத்தது. அந்தச் சிக்கனமும் சாமர்த்தியமும் ஒரே நாளில் வந்தவை அல்ல. "கிசெய்ஜு"வைப் பார்த்தால் அவர் அதற்கு முன்பே எவ்வளவு தூரம் வந்து விட்டார் என்பது விளங்கும்.

ஷினிச்சியாக நடித்தவர் ஷோட்டா சொமெதானி. மிகிக்குக் குரல் கொடுத்தவர் சடாவோ அபே. குரல் மட்டுமல்ல, அவருடைய அசைவுகளையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்து அந்தக் கைக்குக் கொடுத்தார்கள். எதிரில் ஆளே இல்லாமல், தன் கையையே பார்த்துப் பேசி, பயந்து, சண்டை போட்டு நடிப்பது லேசான காரியம் அல்ல. சொமெதானி அதைச் சாதித்திருக்கிறார். சற்று நேரத்தில் கை என்பதே மறந்து, இரண்டு பேர் பேசிக்கொள்வதாகவே தோன்றி விடுகிறது.

தாயும் மகனும்

ஷினிச்சியின் கையில் ஜந்து புகுந்த அதே சமயத்தில், வேறு பலருடைய தலைகளிலும் ஜந்துகள் புகுந்து விடுகின்றன. மூளையைத் தின்று விட்டு அந்த இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. வெளியே பார்த்தால் அதே முகம், அதே சட்டை. உள்ளே இருப்பது மனிதரைத் தின்னும் மிருகம். அவை எங்கிருந்து வந்தன, யார் அனுப்பினார்கள் என்று கதை சொல்வதில்லை. வந்து விட்டன, அவ்வளவுதான்.

படக்கதையில் ஷினிச்சிக்குத் தாய் தந்தை இருவரும் உண்டு. படத்தில் தகப்பனார் இல்லை. தாயார் ஒருத்தியாகவே உழைத்து மகனை வளர்க்கிறாள். இரண்டு பேர் மட்டும் உள்ள சின்ன வீடு. இந்த மாற்றத்தால் கதையின் பாரம் முழுவதும் தாயார் மேல் வந்து விழுகிறது.

அந்தத் தாயாரின் கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறது. மகன் சிறுவனாக இருந்தபோது, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி அவன் மேல் கவிழ இருந்தது. அவள் வெறுங்கையால் அதைத் தடுத்து விட்டாள். மகன் தப்பினான். தழும்பு நிலைத்து விட்டது. தாயாராக நடித்திருக்கும் கிமிகோ யோ அதிகம் பேசுவதில்லை. கை மாறிப் போன மகனிடம் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. என்ன என்று கேட்கத் தெரியவில்லை. எந்த வீட்டிலும் வளர்ந்த பிள்ளையிடம் தாய் தயங்கி நிற்பது போலவே நிற்கிறாள்.

ஒரு நாள் அவள் வீட்டுக்கு வருகிறாள். நடை சரியாக இருக்கிறது. முகம் சரியாக இருக்கிறது. "அவள் உன் தாய் அல்ல" என்று மிகி எச்சரிக்கிறது. மகனால் நம்ப முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவன் இருதயத்தில் கத்தி பாய்ந்து விடுகிறது.

அவனைக் காப்பாற்றுவது மிகிதான். பாசத்தால் அல்ல. இவன் செத்தால் தானும் சாக வேண்டும் என்பதால், மிகி அவன் உடலுக்குள் போய்க் கிழிந்த இருதயத்தை அடைத்து, ரத்தம் ஓட வைக்கிறது.

படக்கதையில், தாயாரின் உடலில் இருந்த பூதத்தை முடிப்பவன் ஷினிச்சியைப் போலவே பாதி தப்பிய இன்னொரு மனிதன். மகனுக்கு அந்தப் பாவம் வேண்டாம் என்று அவன் முந்திக்கொள்கிறான். படத்தில் அந்த மனிதனே இல்லை. தன் தாயாரின் முகத்தைத் தானே எதிர்க்க வேண்டிய கதி மகனுக்கு ஏற்படுகிறது. தலை பூதத்தினுடையது. ஆனால் அந்த உடம்பு? தழும்புள்ள அந்தக் கை? மூளை போன பிறகும் தாயின் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்குமா? முதல் பாகத்தின் உச்சகட்டம் இந்தக் கேள்விதான்.

கண்ணீர் வற்றியது

மிகியின் அணுக்கள் ரத்தத்தில் கலந்த பிறகு ஷினிச்சி மாறி விடுகிறான். உயரமாகத் தாவுகிறான். தூரத்துச் சத்தம் கேட்கிறது. பயம் போய் விடுகிறது. ஆனால் அழுகை வரவில்லை. தாயார் இறந்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

படக்கதையில் இதை விளக்க ஒரு காட்சி உண்டு. காரில் அடிபட்ட ஒரு நாய்க்குட்டியை ஷினிச்சி கையில் ஏந்திக்கொண்டிருக்கிறான். அவனை நேசிக்கும் பெண் முரானோ பக்கத்தில் நிற்கிறாள். குட்டி செத்துப் போகிறது. உடனே அவன் எழுந்து போய், அதைக் குப்பைத் தொட்டியில் போட்டு விட்டு வருகிறான். செத்த பிறகு அது வெறும் மாமிசம்தானே என்கிறான். முரானோ திடுக்கிட்டுப் போகிறாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைக்கிறது. குட்டியை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் புதைக்கிறான்.

எத்தனையோ தலைகள் உருளும் கதையில், வாசகர்கள் மறக்காமல் நினைவு வைத்திருப்பது இந்த நாய்க்குட்டியைத்தான். பலம் வந்தது, தைரியம் வந்தது, ஆனால் மனிதத்தன்மை கை நழுவிப் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பூதம் பெற்ற பிள்ளை

மகனிடமிருந்து பாசம் வடிந்துகொண்டிருக்கும்போது, எதிர்ப் பக்கத்தில் ஒரு அதிசயம் நடக்கிறது.

ரியோகோ தமியா ஒரு பள்ளி ஆசிரியை. அவள் தலையில் இருப்பதும் மிருகம்தான். ஆனால் மற்ற மிருகங்களைப் போல அவள் தின்று திரிவதில்லை. "நாம் எதற்காகப் பிறந்தோம்?" என்று யோசிக்கிறாள். ஒரு சோதனையாகப் பிள்ளை பெற்றுக்கொள்கிறாள். உடம்பு மனித உடம்பு ஆகையால், பிறப்பதும் சாதாரண மனிதக் குழந்தைதான். அதைப் பாலூட்டி வளர்க்கிறாள். பாசம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. புத்தகத்தில் படித்ததைச் செய்து பார்க்கிறாள்.

எரி புகாட்சு இந்த வேடத்தில் நடித்திருக்கிறார். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் பேசுவார். அவரைப் பார்த்தாலே வயிற்றில் குளிர் எடுக்கும். அதே முகம் இரண்டாம் பாகத்தில் மெல்ல மெல்ல இளகுகிறது.

கடைசியில் போலீசார் துப்பாக்கிகளோடு சூழ்ந்துகொள்கிறார்கள். அவள் நினைத்தால் தப்பலாம். எதிர்த்துப் பலரைக் கொல்லலாம். இரண்டையும் செய்யவில்லை. குண்டுகள் படாமல் குழந்தையை மறைத்துக்கொண்டு நிற்கிறாள். படக்கதையில், குழந்தையை ஷினிச்சியிடம் ஒப்படைக்கும் அந்தக் கணத்தில், அவள் தன் முகத்தை அவனுடைய தாயாரின் முகமாகவே மாற்றிக்கொள்கிறாள். ஷினிச்சியின் கண்ணில் நின்று போன கண்ணீர் அப்போது பெருகுகிறது.

தாயைக் கொன்ற ஜாதியைச் சேர்ந்த ஒருத்தி, தாயாகிச் சாகிறாள். தாயை இழந்து கல்லாகிப் போனவன், அவளுக்காக அழுகிறான். 10 புத்தகங்களும் 2 படங்களும் சுற்றிச் சுற்றி வந்து சேரும் இடம் இதுதான்.

யார் மிருகம்?

கதையில் இன்னொரு முக்கியப் பாத்திரம் ஹிரோகாவா. மிருகங்கள் ஓட்டு வாங்கி நகர மேயராக உட்கார்த்தி வைத்திருக்கும் ஆள். நகர மண்டபத்தைப் போலீஸ் படை முற்றுகையிடும்போது அவர் ஒரு பிரசங்கம் செய்கிறார். காட்டை அழிப்பது யார், காற்றைக் கெடுப்பது யார், பூமியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது யார் என்று கேட்கிறார். "ஒட்டுண்ணி மிருகம்" என்ற பட்டத்தை மனித ஜாதிக்கே சூட்டுகிறார். இவ்வளவும் பேசிய ஹிரோகாவாவின் தலையில் மிருகம் எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது. அவர் சுத்தமான மனிதர்!

இந்தப் பேச்சைக் கதை அப்படியே ஒப்புக்கொள்வதும் இல்லை, ஒதுக்கித் தள்ளுவதும் இல்லை. மனிதன் பூமிக்குப் பாரமாக இருக்கலாம்; அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் தின்னப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஷினிச்சிக்கு உலகத்தைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் இல்லை. அவன் காக்க நினைப்பது தனக்கு வேண்டிய சிலரை. அதுவே பெரிய பாடாக இருக்கிறது.

கடைசி எதிரி கோட்டோ. ஒரே உடம்பில் 5 மிருகங்கள்! தடனோபு அசானோ நடித்திருக்கிறார். அவனோடு நடக்கும் சண்டையில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. படக்கதையில் ஷினிச்சிக்கு உதவுவது, யாரோ திருட்டுத்தனமாகக் கொட்டி விட்டுப் போன ரசாயன விஷக் குப்பை. படத்தில் சண்டை குப்பை எரிக்கும் ஆலையில் நடக்கிறது. விஷம் கதிர்வீச்சு.

2011 மார்ச்சில் பூகம்பமும் கடல் கொந்தளிப்பும் வந்து, புகுஷிமா அணு நிலையம் வெடித்த நாட்டில் எடுத்த படம் அல்லவா? ஜப்பானியப் பூதங்களுக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள உறவு பழையது. 1954 மார்ச் 1-ந்தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலில் இருந்த 23 பேர் மேல் விழுந்தது. அவர்களில் ரேடியோ ஆபரேட்டர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3-ந்தேதி "காட்ஸில்லா" படம் வெளிவந்தது. குண்டு வெடித்துக் கிளம்பிய பூதத்தை அன்று பார்த்து அழுதவர்கள் பலர். 60 ஆண்டுகள் கழித்து வந்த "கிசெய்ஜு"வும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

வீட்டில் பார்ப்பதில் உள்ள லாபம்

முதல் பாகம் ஜப்பானில் 2014 நவம்பர் 29-ந்தேதி வெளியாயிற்று. அதற்கு முன்பே அக்டோபரில் டோக்கியோ சர்வதேசப் படவிழாவின் நிறைவு நாள் படமாகவும் காட்டப்பட்டது. இரண்டாம் பாகம் வந்தது 2015 ஏப்ரல் 25-ந்தேதி. தியேட்டரில் பார்த்தவர்கள் பாதிக் கதையை மனதில் வைத்துக்கொண்டு 5 மாதம் காத்திருந்தார்கள். ஷினிச்சியின் தாயாரை முதல் பாகத்தில் பார்த்தவர்கள், அதற்குப் பதிலாக வரும் ரியோகோவின் முடிவை அடுத்த வருஷம்தான் பார்த்தார்கள்.

வீட்டில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய 2 மணி நேரம். சனிக்கிழமை இரவு ஒன்று, ஞாயிறு ஒன்று என்று பார்த்தால், இரண்டு தாய்களின் கதையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். இது இரண்டு படம் அல்ல, ஒரே படம் என்று தெரியும். அந்த வகையில், தியேட்டரைவிட வீட்டு வீடியோவே இதற்குப் பொருத்தமான இடம்.

வீட்டு வீடியோவுக்கும் ஜப்பானே தாய்வீடு. சோனி கம்பெனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும் வந்தன. 1980-களில் பம்பாயிலும் டில்லியிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள், நாலு வீடு சேர்ந்து டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலம் போய் விட்டது. பீட்டாமேக்ஸ் கேசட் விற்பனையை 2016-ல் சோனி நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் புனாய் கம்பெனி வி.எச்.எஸ். டெக் தயாரிப்பதையும் நிறுத்தியது. கேசட் போய்த் தகடு வந்தது. ஆனால் பிடித்த இடத்தை நிறுத்திப் பார்க்கலாம், தவற விட்டதைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற வசதி மாறவில்லை.

அந்த வசதி இந்தப் படத்துக்கு மிகவும் உதவும். முதல் தடவை பார்க்கும்போது கண் முழுவதும் விரியும் தலைகளின் மேல் இருக்கும். இரண்டாம் தடவை பார்த்தால்தான், சாப்பாட்டு மேஜையில் தாயார் மகனைப் பார்க்கும் பார்வையும், ரியோகோவின் முகம் மாறும் விதமும் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. டோரேமான் எடுத்தவர் படம்தானே என்று நினைத்துக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து விட வேண்டாம். ரத்தம் நிறைய உண்டு. மனிதர்கள் கடித்துத் தின்னப்படும் காட்சிகள் உண்டு. சின்னஞ்சிறுசுகள் தூங்கிய பிறகு பார்க்க வேண்டிய படம் இது. மேல் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்கலாம். பேச்சு ஜப்பானிய மொழியில்தான். வெளிநாட்டுப் பதிப்புகளில் அடியில் ஆங்கில எழுத்து ஓடும்.

குறையும் உண்டு

10 புத்தகங்களை 4 மணி நேரத்தில் அடக்கும்போது பல நல்ல பாத்திரங்கள் விடுபட்டுப் போயின. படக்கதையை வரிக்கு வரி படித்தவர்களுக்கு இது மனக்குறைதான். கதை முழுவதும் வேண்டும் என்கிறவர்களுக்கு, மேட்ஹவுஸ் கம்பெனி எடுத்த கார்ட்டூன் தொடர் இருக்கிறது. 2014 அக்டோபர் முதல் 2015 மார்ச் வரை ஜப்பான் டி.வி.யில் 24 வாரம் ஓடியது. இதே கருவை வைத்துக் கொரியாவில் எடுத்த "பாரசைட்: தி கிரே" தொடர் 2024-ல் நெட்பிளிக்சில் வந்தது. அது புதுக்கதை, புது ஆட்கள். ஒரே விதையிலிருந்து இத்தனை செடி முளைத்திருக்கிறது.

ஆயினும் கார்ட்டூனிலும் தொடரிலும் இல்லாத ஒன்று யமசாகியின் படத்தில் இருக்கிறது. மற்றதை எல்லாம் வெட்டி எறிந்து விட்டு, ஒரு தாய், ஒரு மகன், தாயாகிப் போன ஒரு பூதம் என்று மூன்று பேரை மட்டும் அவர் நடுவில் நிறுத்தியிருக்கிறார்.

மிகி என்ன ஆயிற்று, கோட்டோவை ஷினிச்சி எப்படி வென்றான், முரானோ தப்பினாளா என்பதைத் திரையில் பார்த்துக்கொள்வதே நல்லது. படம் முடிந்த பிறகு பலரும் ஒரு தடவை தங்கள் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அதில் கண் எதுவும் முளைத்திருக்காது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் கட்டாயம் வரும்.